மாவிளக்கு வைக்கும் இடம்

கேழ்வரகு அரைத்துக்கொண்டிருந்தபோதுதான் அது முதலில் தட்டுப்பட்டது. எங்கள் வீட்டுச் சமையலறை மேசையின் விளிம்பில் ஓர் இரும்பு மிஷின் திருகி மாட்டியிருக்கும். மேலே தானியத்தைக் கொட்டிப் பிடியைக் கையால் சுற்றினால் முன்பக்கம் மாவு உதிரும். அன்று ஞாயிற்றுக்கிழமை. பிடி என் பக்கம் திரும்பும் ஒவ்வொரு முறையும் வலது மேல்கை மார்பின் ஓரத்தில் எதன் மீதோ இடித்தது. புளியங்கொட்டை அளவு இருக்கும். தொட்டால் நகரவில்லை.

சதைப்பிடிப்பு என்று நினைத்தேன். இத்தனை வருடமாக மிஷின் சுற்றுகிறவளுக்கு வேறென்ன வந்துவிடப் போகிறது? என் வீட்டுக்காரர் சேகர், "கடையில மாவு பேக்கட் பேக்கட்டா விக்குது, இவங்களுக்கு மட்டும் கையில சுத்தணும்" என்று வழக்கம்போலக் கிண்டல் செய்தார். தைலம் தேய்த்துக்கொண்டேன். அடுத்த வாரம் இடியப்பத்துக்கு அரிசி அரைத்தபோதும் அது அங்கேயே இருந்தது. அப்போதுதான் கிளினிக்குக்குப் போனேன்.

இதைப் படிக்கிற உங்களில் யாருக்காவது அப்படி ஒன்று தட்டுப்பட்டால், தைலத்தை மூடிவைத்துவிட்டு டாக்டரிடம் போங்கள். எனக்கு வலியே இல்லை. வலி இல்லாததால்தான் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கிள்ளானில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பயாப்ஸி (கட்டியிலிருந்து ஊசியால் சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பது) செய்தார்கள். முடிவைச் சொன்ன டாக்டர் நம்ம தமிழ்ப் பெண், சின்ன வயது. "ஆன்டி, தனியாவா வந்தீங்க?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியிலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. "பார்க்கிங் கெடைக்காம அவர் சுத்திக்கிட்டு இருக்கார், நீங்க சொல்லுங்க" என்றேன். சொன்னார். மார்பகப் புற்றுநோய்.

என் அக்கா கனகாவுக்கு அன்று சாயங்காலமே போன் செய்தேன். அவள் பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறாள். ரவிக்கை தைப்பது அவள் தொழில். நான் வயதுக்கு வந்ததிலிருந்து என் மார்பில் டேப்பை வைத்து அளவெடுத்தவள் அவள்தான். வேறு யார் தைத்த ரவிக்கையும் நான் போட்டதில்லை. மறுநாள் காலை கொமுட்டர் ரயில் ஏறி வந்து நின்றாள்.

"எங்கடி?" என்றாள். காட்டினேன். தொட்டுப் பார்த்தாள். கையை எடுக்காமலே எங்கள் தாமான் குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் மாரியம்மன் கோயில் பக்கம் திரும்பி வேண்டிக்கொண்டாள். குணமானால் மார்பில் மாவிளக்கு.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். உடம்பில் எந்த இடத்தில் நோயோ அந்த இடத்தில் மாவிளக்கு ஏற்றுவதாக அம்மனுக்கு வேண்டிக்கொள்வோம். வயிற்று நோய் என்றால் வயிற்றில். தலைவலி தீரவில்லை என்றால் நெற்றியில். கோயிலில் மல்லாந்து படுத்து, அந்த இடத்தில் வாழையிலையைப் போட்டு, பச்சரிசி மாவும் வெல்லமும் பிசைந்து வைத்து, நடுவில் குழித்து நெய் ஊற்றித் திரி ஏற்ற வேண்டும். மிளகாயும் மல்லியும் அரைக்கிற அதே மிஷினில் அரைத்த கடை மாவு ஆகாது. நோய்ப்பட்டவள் வீட்டில் தன் கையால் அரைத்த மாவாக இருக்க வேண்டும் என்று அக்கா தானாகவே ஒரு நிபந்தனையும் சேர்த்துக்கொண்டாள்.

"மார்மேல விளக்கா? சேலையில நெருப்புப் பிடிச்சா அதுக்கு வேற ஒரு வேண்டுதல் வெக்கணும்லா" என்றேன். எனக்குச் சாமி விஷயத்தில் அவ்வளவு பிடிப்பில்லை. "உன் வாய்க் கொழுப்புக்கும் சேர்த்துத்தான் வேண்டியிருக்கேன்" என்றாள்.

கீமோ (புற்றுச் செல்களைக் கொல்லும் மருந்தை ரத்தக்குழாயில் ஏற்றுவது) முதலில். முடி போனது, வாய் வெந்தது. அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். அவர்கள் எழுதியதெல்லாம் உண்மைதான். கட்டி சுருங்கும் என்று பார்த்தார்கள். போதுமான அளவு சுருங்கவில்லை. மாஸ்டெக்டமி (மார்பகத்தை முழுவதுமாக எடுத்துவிடும் அறுவை) செய்தார்கள். அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு அக்கா எங்களோடு தங்கிக் கவனித்துக்கொண்டாள். குளிக்கத் தண்ணீர் வார்ப்பாள். தலையைத் துவட்டுவாள், முதுகைத் தேய்ப்பாள். முன்பக்கம் வந்ததும் துண்டை என் கையில் கொடுத்துவிட்டு வாளியைப் பார்ப்பாள். சேகரும் அப்படித்தான். நான் சட்டை மாற்றினால் அவருக்கு வாசலில் ஏதாவது வேலை வந்துவிடும். பாவம், இரண்டு பேருமே நல்லவர்கள். ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது. நான் இருக்கிறேன், அந்த இடம் மட்டும் வீட்டில் இல்லாததுபோல் நடந்துகொண்டால் எப்படி?

ஒரு மாதம் கழித்து அக்கா புது ரவிக்கை தைத்துக் கொண்டுவந்தாள். வலது பக்கம் உள்ளே பஞ்சு வைத்துத் தைத்திருந்தாள். சரியாகப் பொருந்தியது. அவள் அளவெடுக்கவே இல்லை. டேப்பை அந்த இடத்தில் வைக்க அவளால் முடியவில்லை என்று எனக்குத் தெரிந்தது. நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய் அழுதேன்.

முடிச்சுகளை எடுத்ததால் வலது கை வீங்கத் தொடங்கியது. லிம்ஃபெடீமா (வடிய வழியில்லாமல் நிணநீர் கையில் தேங்குவது) என்றார்கள். இறுக்கமான துணியுறை ஒன்றை மணிக்கட்டிலிருந்து தோள்வரை போடச் சொன்னார்கள். பாரம் தூக்கக் கூடாது, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்து கையைக் களைப்பாக்கக் கூடாது. சேகர் அன்றே மிஷினைக் கழற்றி, நாளிதழில் சுற்றி சிங்க்குக்குக் கீழே தள்ளிவிட்டார்.

கதிர்வீச்சும் முடிந்தது. எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தோம். அக்கா நல்ல நாள் பார்க்கத் தொடங்கினாள். அந்தச் சமயத்தில்தான் இடுப்பு வலிக்க ஆரம்பித்தது. ஸ்கேனில் எலும்பில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. மெட்டாஸ்டாசிஸ் (நோய் தொடங்கிய இடத்தைவிட்டு வேறு உறுப்புக்குப் பரவுவது).

"இனிமே இத முழுசா எடுக்க முடியாது, ஆன்டி. மருந்தால அடக்கி வெச்சிருக்கலாம்" என்றார் டாக்டர்.

"எவ்வளவு காலத்துக்கு?"

"அத என்னால சொல்ல முடியாது. சொல்றவங்கள நம்பாதீங்க."

அந்தப் பெண்ணை எனக்கு அன்றிலிருந்து இன்னும் அதிகமாகப் பிடித்துப்போனது.

அக்கா இடிந்துபோனாள். அழவில்லை, ஆத்திரப்பட்டாள். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவதை விட்டுவிட்டாள். "அந்த வேண்டுதல மறந்துடு. குணமானாதான்னு சொன்னேன். அவ குடுக்கல, நானும் குடுக்க மாட்டேன்" என்றாள். வாழ்நாள் முழுக்க அம்மன் அம்மன் என்று உருகியவள் வாயிலிருந்து அப்படி வந்ததைக் கேட்க எனக்குப் பயமாக இருந்தது.

விசித்திரம் என்னவென்றால், எனக்கு அப்போதுதான் அந்த விளக்கு வேண்டும் என்று தோன்றியது. ஏதோ அற்புதம் நடக்கும் என்று இல்லை. சிகிச்சை முடிந்த நாள் என்று ஒன்று இனி எனக்கு வராது. மாத்திரை உள்ளவரை மாத்திரை, அப்புறம் வேறு மருந்து. இந்த உடம்புக்கு ஒரு நாளாவது, ஒரு காரியமாவது நல்லபடியாக நடக்கட்டும் என்று ஆசைப்பட்டேன்.

போனில் சொன்னேன். "அக்கா, அவ குடுத்தாளோ குடுக்கலயோ. எனக்கு வேணும்."

"என்னத்துக்குடி வேணும்?"

"அந்த எடத்துல யாராச்சும் எதையாச்சும் வெக்கணும் அக்கா. வெட்டி எடுத்ததோட சரி, அதுக்கப்புறம் யாரும் அந்தப் பக்கமே வரல."

அவள் போனை வைத்துவிட்டாள்.

டாக்டரிடம் மாவு அரைக்கலாமா என்று கேட்டேன். "கடையில விக்குதே, ஆன்டி" என்றார். சேகர் சிரித்துவிட்டார். விவரத்தைச் சொன்னதும் டாக்டர் ஒத்துக்கொண்டார். இடது கையால், உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக; இடுப்பில் வலி வந்தால் உடனே நிறுத்த வேண்டும் என்றார். நீங்களும் இப்படி எதையாவது செய்ய நினைத்தால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். டாக்டர்கள் நாம் நினைப்பதைவிட நல்லவர்கள்.

வியாழக்கிழமை காலையில் பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, துணியில் பரப்பி நிழலில் உலர்த்தினேன். கையில் அள்ளினால் குளிர்ச்சி தெரிய வேண்டும், ஒட்டக் கூடாது. சேகர் மிஷினை வெளியே எடுத்துத் துடைத்து, மேசையில் மாட்டி இறுக்கிக் கொடுத்தார். பிடியையும் அவரே பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் சுத்துறேனே."

"கைய எடுங்க. என் மாவு."

இடது கை அதுவரை மிஷினில் வேலையே செய்ததில்லை. பிடி ஒரு பக்கம்தான் சுற்றும். வலது கைக்குச் சுலபமாகத் தள்ள வந்தது, இடது கைக்கு முரண்டு பிடித்தது. பாதிச் சுற்றில் நிற்கும். உடம்பை முன்னால் சாய்த்துத் தள்ளினால் திடுக்கென்று ஓடும். ஈர அரிசி தகடுகளுக்கு நடுவே அப்பிக்கொண்டது. திருகைத் தளர்த்தினேன், குருணையாக விழுந்தது. இறுக்கினேன், நின்றுவிட்டது. முன்பெல்லாம் பாட்டுக் கேட்டுக்கொண்டே அரைத்து முடிக்கிற அரிசி அது. கைப்பிடி அரிசியைப் போடுவேன், சுற்றுவேன், மூச்சு வாங்க உட்கார்ந்திருப்பேன், மறுபடியும் போடுவேன். வெயில் சமையலறை ஜன்னலைத் தாண்டிப் போயிருந்தது. சனியனே, சுற்று என்று மிஷினைத் திட்டினேன். கையையும் திட்டினேன். ஆனால் மாவு விழுந்தது. வெள்ளையாக, கொஞ்சம் கொஞ்சமாக.

கேட் திறக்கும் சத்தம் கேட்டது. அக்கா. சேகர்தான் போன் செய்திருக்கிறார்.

"எவடி ஒன்ன அரைக்கச் சொன்னா? கை வீங்கிப் படுக்கவா?" என்று உள்ளே வரும்போதே கத்தினாள். நான் சுற்றிக்கொண்டே இருந்தேன். என் இடது கையைப் பார்த்தாள். தட்டில் விழுந்திருந்த மாவைப் பார்த்தாள். கைப்பையைக் கீழே போட்டுவிட்டு, அலமாரியிலிருந்து சல்லடையை எடுத்துவந்து எதிரில் உட்கார்ந்தாள். மாவைச் சலித்து, மேலே நின்ற குருணையை மிஷினில் போட்டாள். நான் சுற்றினேன். மறுபடியும் சலித்தாள். அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் அவ்வப்போது கேட்டது.

மறுநாள் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனோம். கூட்டம் இல்லை. அக்கா மாவைப் பிசைந்தாள், குழி செய்தாள், நெய் ஊற்றினாள். தரையில் மல்லாந்து படுத்தேன். பஞ்சு வைத்துத் தைக்காத பழைய ரவிக்கையைப் போட்டு வந்திருந்தேன். முந்தானையை ஈரமாக்கி மேலே போர்த்திக்கொண்டேன். அக்கா இலையைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் மண்டியிட்டாள்.

"எங்கடி வெக்கறது?" என்றாள்.

"அதே எடத்துலதான், அக்கா."

கண்ணை மூடிக்கொண்டேன். அவள் தயங்குவாள் என்று தெரியும். பரவாயில்லை, தயங்கட்டும் என்று காத்திருந்தேன். பூசாரி மணியடித்தார். யாரோ தேங்காய் உடைத்தார்கள். எங்கோ ஒரு குழந்தை அழுது ஓய்ந்தது. அவள் இன்னும் வைக்கவில்லை. எனக்கு முதுகு வலித்தது. எரிச்சலாக வந்தது. இந்த ஒரு காரியத்தைக்கூட இவளால் எனக்காகச் செய்ய முடியாதா?

"என்னக்கா, இன்னும் வெக்கலயா?" என்றேன்.

"வெச்சு எவ்ளோ நேரமாச்சு. பாதி நெய் எரிஞ்சிடுச்சேடி."

தலையைத் தூக்கிப் பார்த்தேன். நரம்பு அறுபட்ட இடம், அங்கே இனித் தொடுவது தெரியாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். வேறு யாராவது அங்கே தொட்டிருந்தால்தானே எனக்கு அது நினைவுக்கு வந்திருக்கும்? விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் மூச்சு விட விட அது மேலே ஏறிக் கீழே இறங்கியது. இலை நழுவாமல் அக்கா தன் உள்ளங்கையை அகல விரித்து, விளக்கை ஒட்டி அந்த இடத்தில் அழுத்திப் பிடித்திருந்தாள். இவ்வளவு நேரமும் பிடித்திருந்திருக்கிறாள்.

"ஆடாமப் படு" என்றாள்.

நெய் தீரும்வரை அவள் கையைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன்.