பார்மேட் அடிக்கவிடாத அக்கா

இன்று காலை மேனாம்பேட்டு வீட்டில் கம்ப்யூட்டரைப் போட்டதும் திரை கறுப்பாகவே நின்றது. உள்ளிருந்து பீப், பீப் என்று ஒரே கத்தல். அந்தச் சத்தம் என்னைச் சின்ன வயதில் நாங்கள் குடியிருந்த ஆவடி குவார்ட்டர்ஸுக்கே இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அங்கே எந்தக் கம்ப்யூட்டர் படுத்தாலும் மருந்து ஒன்றுதான்: எல்லாவற்றையும் அழித்து பார்மேட் அடிப்பது. அக்காவின் கல்லூரி ப்ராஜெக்ட் முழுக்க எங்கள் கம்ப்யூட்டரில்தான் இருந்தது, வேறு நகல் கிடையாது. மறுநாள் கொடுத்தாக வேண்டும். அன்று பார்த்து அது இப்படிக் கத்தியது. பக்கத்து வீட்டு மணி அண்ணன் சிடியோடு வந்துவிட்டார்.

"வைரஸ் பூந்துகினு கீதும்மா. பார்மேட் அட்ச்சா கம்முனு ஆயிடும்."

"என் ப்ராஜெக்டும் கம்முனு ஆயிடுமேண்ணா!" என்றாள் அக்கா. "திரை வர்றதுக்கு முன்னாடியே கத்துது. இது வைரஸ் இல்ல, உள்ள ஏதோ சரியா ஒக்காரல."

ஒயரைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் திறந்தாள். ராம் என்கிற மெமரி அட்டையைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் நிதானமாகத் தேய்த்து, 'டக்'கென்று மாட்டினாள். சுற்றி நின்று ஆளாளுக்குச் சொன்ன யோசனை எதையும் அவள் காதில் வாங்கவே இல்லை.

திரை வந்தது. நாங்கள் கைதட்டினோம்; அவள் சிரிக்கவில்லை. ப்ராஜெக்டைப் பென் டிரைவில் ஏற்றிப் பைக்குள் போட்டுக்கொண்ட பிறகுதான் மணி அண்ணனைப் பார்த்துச் சிரித்தாள்.

"இப்ப அடிங்கண்ணா, ஆசை தீர!"