ஜெராக்ஸ் அக்காவும் வேணாமும்

ஜெராக்ஸ் அக்காவுக்குச் சொந்தப் பேர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது அடையாள அட்டைக்குள் பத்திரமாக இருந்தது, வெளியே எடுப்பாரில்லை. கட்டிக்கொண்ட மனுஷனே நாலு பேர் முன்னால் "எங்க ஜெராக்ஸ்" என்றுதான் சொல்வார்.

இவளையும் சேர்த்து வீட்டில் ஐந்து பெண்கள். மூத்தவள் வாய்க்காரி, இரண்டாமவள் படிப்புக்காரி, மூன்றாமவள் அழகி, கடைக்குட்டி செல்லம். நான்காவதாகப் பிறந்த இவளுக்கு மிச்சம் இருந்தது வேலை. மூத்தவள் தலைப்பிரசவத்தில் காய்ச்சல் கண்டு எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோது, பிறந்த பிள்ளையை இவள் கையில் கொடுத்தார்கள். இவளுக்கு அப்போது பதினான்கு வயது. புட்டிப்பால் கொடுத்து, இடுப்பை விட்டு இறக்காமல், நடக்கப் பழக்கி ஒன்றரை வருஷம் வளர்த்தாள். மூத்தவள் தேறியதும் அவள் புருஷன் வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார். ஆறு மாசம் கழித்துப் பார்க்கப் போனால், அது அம்மாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்த்தது. "யாருன்னு தெரியலையாடா, சித்திடா!" என்று எல்லோரும் சிரித்தார்கள். இவளும் சேர்ந்து சிரித்தாள். அப்புறம் கடைக்குட்டியின் இரட்டைப் பிள்ளைகள். வளர்த்துக் கொடுப்பது அவள் கைக்கு அமைந்த வேலையாகிப் போனது. அவள் வயிற்றில் மட்டும் ஒன்றும் தங்கவில்லை.

வீட்டுக்காரர் ஒரு பெரிய கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டியவர். "முப்பது வருஷம் மேலயும் கீழயும் போயிட்டு, ஏறின இடத்துலயே இறங்கிட்டேன்" என்பார். வீட்டின் முன்னறைதான் கடை. ஒரு மெஷின், பின் அடிக்கிற கருவி, பசை, காகிதக் கட்டுகள். பின்னால் சமையலறையும் சின்ன முற்றமும், மேலே ஒரு மாடி அறையும்.

நாய்க் காப்பகத்து மேடம் முதலில் வந்தது போஸ்டர் நகல் எடுக்கத்தான். 'நல்ல வீடு தேவை' என்று மேலே எழுதி, கீழே நாயின் படம். நகல் எடுத்துக்கொண்டே அக்கா கேட்டாள், "வீடு கிடைக்கிற வரைக்கும் இதெல்லாம் எங்க இருக்கும்?"

"அதான் அக்கா பிரச்சினை. ரெண்டு குட்டி கண்ணே திறக்கல. பத்து நாள் யாராவது வச்சுக்கிட்டா நல்லாருக்கும்."

"கொண்டு வாங்க" என்று சொல்லிவிட்டாள். வீட்டுக்காரரிடம் கேட்டது அதற்கப்புறம்தான்.

அந்தப் பத்து நாள் பதினோரு வருஷமாயிற்று. ஊசி மாட்டாத சிரிஞ்சில் இரண்டு மணிக்கு ஒரு தரம் பால், குடித்ததும் வெந்நீரில் நனைத்த பஞ்சால் அடிவயிற்றைத் துடைத்துவிடுவது, பல் முளைத்ததும் ஊறவைத்த ரொட்டி, இரண்டு தடுப்பூசி, வெளியே போய்வரப் பழக்குவது. இதுவரைக்கும் அக்கா பொறுப்பு. அப்புறம் புது வீடு. கடையில் வீணான காகிதத்துக்குப் பஞ்சமில்லை. யாரோ ஒருத்தரின் பிறப்புச் சான்றிதழ் கோணலாக விழுந்திருக்கும். அதன்மேல்தான் குட்டிகள் மூத்திரம் போகப் பழகின.

காப்பகத்தில் ஒரு சட்டம் உண்டு. வளர்த்துக் கொடுப்பவர் பேர் வைக்கக் கூடாது. பேர் வைத்தால் மனசு ஒட்டிக்கொள்ளும், அதோடு புது வீட்டார் வைக்கிற பேர் நாய்க்கு ஏறாது. கழுத்துப்பட்டையில் நம்பர் மட்டும். அக்கா அதை மீறியதே இல்லை. டேய், வாடி, ஏ கழுதை என்று கூப்பிட்டே அத்தனையையும் வளர்த்து அனுப்பினாள்.

கடைசியாக வந்தது ஒற்றைக் கறுப்புக் குட்டி. பஸ் பணிமனை ஓரத்தில் ஒரு குழாய்க்குள்ளிருந்து எடுத்தார்களாம். கறுப்பு என்றால் ஒரு வெள்ளை முடி கிடையாது. போஸ்டரில் அதன் படத்தை நகல் எடுத்தால் மை கொட்டின மாதிரி விழுந்தது. நடுவில் இரண்டு புள்ளி, அவை கண்.

அந்தக் குட்டிக்குக் காகிதப் பைத்தியம். புதுக்கட்டு பிரிக்கிற சத்தம் கேட்டால் போதும், பாய்ந்து வந்து கவ்வும். "வேணாம்!" என்பாள் அக்கா. பசை டப்பாவை நக்கப் போகும். "வேணாம், வேணாம்!" வாடிக்கையாளரின் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடும். "டேய், வேணாம்டா!" விடிந்தால் அடைந்தால் அந்தக் குட்டியிடம் அவள் பேசிய பேச்சு அது ஒன்றுதான். அதட்டத் தெரியாத குரல் அவளுக்கு. திட்டினாலும் கொஞ்சுகிற மாதிரியே இருக்கும்.

முதலில் கண்டுபிடித்தவர் வீட்டுக்காரர். ஒருநாள் "இன்னொரு டீ போடவா?" என்று அக்கா கேட்க, அவர் "வேணாம்" என்றார். முற்றத்தில் கிடந்த குட்டி எழுந்து ஓடிவந்து, அவர் மடியில் தலையை வைத்து வாலை ஆட்டியது.

"ஏம்மா, இங்க வா. உன் புள்ளைக்குப் பேரு வச்சுட்ட போலிருக்கே!"

"நான் எங்க வச்சேன்?"

"பாரு. வேணாம்!"

குட்டி அவர் முகத்தையே நக்கியது. இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். மறுநாளே மாற்றியிருக்கலாம். வேடிக்கையாக இருந்ததால் விட்டுவிட்டாள். அதுதான் அவள் செய்த தப்பு.

அந்த மாசமே அவருக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, "வீட்ல பிராணி ஏதும் வளர்க்கிறீங்களா?" என்றார்.

"நான் ஒருத்தன்தான் டாக்டர். இவதான் வளர்க்குறா."

டாக்டர் சிரிக்கவில்லை. அக்காவின் தோளில் ஒட்டியிருந்த கறுப்பு முடியைப் பார்த்தார். "நாய் இருக்கக் கூடாதும்மா. இது விளையாட்டில்ல. இவருக்கு நுரையீரல் பாதிதான் மிச்சம் இருக்கு."

இதோடு நாய் வளர்ப்பது சரி என்று அக்கா தலைமுழுகினாள். இந்த ஒன்றை மட்டும் நல்ல வீட்டில் சேர்த்துவிட்டால் போதும். சேர்க்காவிட்டால் அது காப்பகத்துப் பின்வரிசைக்குப் போகும். முன்வரிசைக் கூண்டுகளைத்தான் வருகிறவர்கள் பார்ப்பார்கள். கிழடும், கடித்ததும், கொடுத்த இடத்திலிருந்து திரும்பி வந்ததும் பின்வரிசை. அங்கே போனது வெளியே வந்ததை அக்கா இத்தனை வருஷத்தில் இரண்டு தரம்தான் பார்த்திருக்கிறாள்.

ஒரு டீச்சரம்மா வந்தார். இரண்டு பெண் பிள்ளைகள், சுற்றுச்சுவர் உள்ள வீடு. காப்பகத்துத் தாளில் 'பெயர்: இல்லை' என்று இருந்தது. சட்டத்தை மீறிவிட்டோமே என்கிற வெட்கத்தில் அக்கா வாயைத் திறக்கவில்லை. நாய் அவர்கள் காரில் ஏறிப் போயிற்று.

ஒன்பதாம் நாள் கார் திரும்பி வந்தது. சின்னவள் தாடையில் கட்டுப் போட்டிருந்தது.

"சொல்பேச்சே கேக்காது அக்கா இது. வேணாம்னா அப்பதான் மேல வந்து விழுது. இவ பயந்துபோய் வேணாம் வேணாம்னு கத்துறா, இது இன்னும் இன்னும் தாவுது. படியில விழுந்து ரெண்டு தையல்."

அக்கா மெஷினை நிறுத்தினாள். "டீச்சர், தப்பு என்னோடது. அது... அதோட பேரே அதான். கூப்பிடுறீங்கன்னு வந்திருக்கு."

"நாய் பேரு வேணாமா?" டீச்சரம்மாவுக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. "முன்னாடியே சொல்லக் கூடாதா அக்கா? சரி, சொல்லியிருந்தாலும்தான் என்ன? புள்ளைங்க இருக்கிற வீட்ல அந்த வார்த்தை இல்லாம எப்படி ஒரு நாள் ஓட்டுறது?"

காப்பகத்துத் தாளில் மேடம் எழுதினார்: 'சொல்பேச்சு கேட்காது. குழந்தை மேல் பாய்ந்தது.' அதை மூன்று நகல் எடுக்க வேண்டியவளும் அக்காதான். 'பாய்ந்தது' என்ற சொல்லின் மேல் ஒரு சொட்டு வொய்ட்னர் வைத்தால் நகலில் தெரியாது. அவளுக்குத் தெரியாத வித்தையா? டப்பாவைத் திறந்து பிரஷ்ஷைக் கையில் எடுத்தாள். அந்தச் சின்னவளின் தாடை ஞாபகம் வந்தது. மூடி வைத்துவிட்டு மூன்று நகல் எடுத்தாள்.

"பதினஞ்சு நாள் தர்றேன் அக்கா, பேரை மாத்திடுங்க" என்றார் மேடம்.

வீட்டுக்காரரை மாடி அறைக்கு அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டு, கையில் பிஸ்கட்டோடு உட்கார்ந்தாள். "ராஜா" என்று கூப்பிட்டால் பிஸ்கட்டுக்கு வந்தது. பிஸ்கட் இல்லாவிட்டால் அந்தப் பேர் யாருக்கோ என்று கிடந்தது. வீட்டுக்குள் அந்தச் சொல்லை இரண்டு பேரும் விட்டார்கள். மாடியிலிருந்து அவர், "டீ வே..." என்று ஆரம்பித்து, "டீ போதும்!" என்பார். குடிக்காத டீ எப்படிப் போதுமாகும் என்று இவள் தனியாகச் சிரித்துக்கொள்வாள். ஆனால் கடை வாசலை என்ன செய்வது? "அக்கா, கலர் வேணாம்." "பின் அடிக்க வேணாம்." "ரெண்டு பக்கமும் வேணாம், ஒரு பக்கம் போதும்." வந்தவர்கள் எல்லோரும் அதைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அதுவும் ஒவ்வொருத்தரிடமும் சலிக்காமல் ஓடி, வாலை ஆட்டிக்கொண்டு நின்றது.

பதிமூன்றாம் நாள் மூத்தவளின் மகனுக்குப் போன் போட்டாள், அவள் முதன்முதலில் வளர்த்துக் கொடுத்த பிள்ளைக்கு. இப்போது தோட்டத்தோடு வீடு கட்டியிருக்கிறான். கை நிறையக் காகிதம் இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தாள்.

"சொல்லுங்க சித்தி. சித்தப்பா எப்படி இருக்காரு?"

"இருக்காருப்பா. உங்கிட்ட ஒண்ணு கேக்கணும். இதுவரைக்கும் நான் எதுவும் கேட்டதில்ல."

"என்ன சித்தி புதுசா? கேளுங்க."

"ஒரு நாய் இருக்கு. தங்கமானது. உன் தோட்டத்துல ஒரு ஓரமா..."

மறுமுனையில் யாரிடமோ அவன் மெல்லப் பேசுவது கேட்டது. பெஞ்சாதியாக இருக்கும். அப்புறம் தொண்டையைச் செருமினான்.

"சித்தி, தப்பா எடுத்துக்காதீங்க. நாயெல்லாம் வேணாம்."

முற்றத்திலிருந்து நாய் ஓடிவந்தது. யார் கூப்பிட்டது என்று சுற்றிப் பார்த்துவிட்டு, முன்னங்காலை மேஜைமேல் வைத்துப் போனை முகர்ந்தது.

"வேற ஏதாவது உதவின்னா சொல்லுங்க சித்தி, செய்றேன். இது மட்டும் வேணாம்."

அது போனை நக்க ஆரம்பித்தது. "ஹலோ? சித்தி? என்ன சத்தம்?" என்றான். அக்கா போனை அணைத்து வைத்தாள்.

மாடியிலிருந்து வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டிருந்தார். படியிறங்கி வந்து மூச்சு வாங்க உட்கார்ந்தார். "நான் வேணா வேற வீடு பாத்துக்கட்டுமா? எனக்கும் ரெண்டு ஊசி போட்டாச்சு, வெளிய போகப் பழகியாச்சு. போஸ்டர் அடி."

"உங்களை எவன் எடுப்பான்?" என்றாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

பதினைந்தாம் நாள் காப்பகத்து வண்டி வந்தது. அக்காவே தூக்கி ஏற்றினாள்.

அதற்கப்புறம் ஞாயிறுதோறும் ரொட்டியோடு போனாள். பின்வரிசையில் கடைசிக்கு முந்தின கூண்டு. முதல் வாரங்களில் அவள் நடை கேட்கும்போதே கம்பியில் தாவியது. வீட்டுக்காரருக்கு நெஞ்சில் சளி கட்டி ஒரு மாசம் ஆஸ்பத்திரியில் கிடக்க, நாலு ஞாயிறு தப்பிப்போயிற்று. அவர் வீடு திரும்பிய மறுவாரம் போனாள்.

கூண்டுகளைப் பார்த்துக்கொள்பவர் சந்தோஷமாக எதிரே வந்தார். நல்ல மனுஷன். நாயை அடிக்கிறவர் இல்லை. "அக்கா, உங்க பையனைத் திருத்தியாச்சு! பாருங்க."

நாய் கதவோரம் ரொட்டியைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. அவர் "வேணாம்!" என்றார். அது அப்படியே நின்று, வயிறு தரையில் பட உட்கார்ந்தது.

"எப்படிப் பண்ணீங்க?"

"அடியெல்லாம் இல்லக்கா. வேணாம்னு சொல்லி மூஞ்சில தண்ணி பைப்பைப் பிடிச்சேன். சொல்லச் சொல்ல வந்துச்சு, வரவரப் பிடிச்சேன். பதினஞ்சு இருபது நாள் ஆச்சு. பிடிவாதக்காரப் பய."

மேடம் புதுத்தாள் கொடுத்தார். 'சொல்பேச்சு கேட்கும்' என்று எழுதியிருந்தது. "இனி வீடு கிடைக்க வழி இருக்கு அக்கா. போஸ்டர் போடுங்க."

எல்லோரும் போனபிறகு அக்கா கூண்டுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். ராஜா என்று கூப்பிட்டாள். அது திரும்பவில்லை. ரொட்டியை நீட்டினாள். அது வாங்கிக்கொண்டு மூலைக்குப் போய்விட்டது. மனசு கேட்கவில்லை. கம்பியில் வாயை வைத்து, கடையில் கூப்பிடுகிற அதே குரலில், மெல்ல, "வேணாம்" என்றாள்.

நாய் கண்ணை இறுக மூடிக்கொண்டு தரையோடு தரையாக ஒட்டியது. அதன் அடியிலிருந்து மூத்திரம் வழிந்து சிமெண்டில் பரவியது.

போஸ்டர் ஒட்டினாள். ஒரே ஒரு போன் வந்தது. கறுப்பு தவிர வேறு நிறம் இருக்கிறதா என்று கேட்டார்கள்.

கூண்டு முன்னால் அப்படிக் கூப்பிட்டுப் பார்த்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து, நாய் முடி போகக் குழாயடியில் கையையும் கழுத்தையும் கழுவி, உடுப்பை மாற்றிக்கொண்டுதான் அவர் பக்கத்தில் போனாள்.

"எப்படி இருக்கான்?"

"நல்லா இருக்கான். சொல்பேச்சு கேக்குறானாம்."

"அது எப்படி?" என்று கேட்க வாயெடுத்தவருக்கு இருமல் வந்துவிட்டது. அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். இருமல் நின்றபின் அவர் மறுபடி கேட்கவில்லை.

அக்கா இப்போதும் போகிறாள். ரொட்டியைக் கம்பிக்குள் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் போல உட்கார்ந்திருப்பாள். கூண்டுக்காரர், "ஏதாவது பேசுங்க அக்கா, அதுக்கும் ஆறுதலா இருக்கும்" என்பார். அவள் தலையாட்டுவாளே தவிர வாயைத் திறப்பதில்லை. நாய் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும்.