பெற்றோல் டின்னைக் கழுவியவள்

கிணற்றடியில் குந்தியிருந்து நான் அந்த டின்னைக் கழுவியதை மாமாவின் படகுக்காரர் பார்த்தாரா, இல்லையா? பதினான்கு வருடங்களாக இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அப்போது எனக்கு ஒன்பது வயது. இப்போது நான் ஒரு பிள்ளைக்குத் தாய். எதைச் செய்தாலும் சரியாகத்தான் செய்தேனா என்று இரண்டு தடவை யோசிக்கிற குணம் எனக்கு அன்றைக்குத்தான் வந்தது என்று நினைக்கிறேன்.

என் மாமா, உம்மாவுடன் பிறந்த மூத்த நானா, மாத்தளை டவுனில் தண்ணீர்ப் பம்பு திருத்தும் கடை வைத்திருந்தார். அத்துடன் செத்தல் மிளகாய் வியாபாரமும் செய்தார். கலேவெலப் பக்கத்தில் ஒரு குளம். அதன் அக்கரையில் குடியேறியிருந்தவர்கள் மிளகாய் பயிரிட்டார்கள். அங்கே லொறி போகப் பாதை இல்லை. ஆகவே மாமா ஒரு பழைய படகை வாங்கிப் பின்னால் எஞ்சின் பூட்டினார். முன்னால் லொறியில் இருப்பதைப் போல ஒரு ஸ்டியரிங் சக்கரம் வைத்தார். சக்கரத்திலிருந்து போகும் கம்பி, படகின் பின்பலகையில் போட்ட ஓட்டை வழியாக எஞ்சினைப் பிடித்திருக்கும். பாரம் ஏற்றினால் அந்த ஓட்டை தண்ணீருக்குச் சமமாக வந்துவிடும். டயர் ரப்பரை வெட்டி அடைத்திருந்தார், ஒழுகிக்கொண்டேதான் இருந்தது. அடுத்த கிழமை பார்க்கலாம் என்பார். அந்தக் கிழமை வந்ததில்லை.

படகை ஓட்டியவர் இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்தவர். மனைவியோடும் நடக்கப் பழகும் ஒரு பெண்பிள்ளையோடும் குளக்கரையில் மாமா மிளகாய் மூட்டை அடுக்கும் கிட்டங்கியை ஒட்டிய ஓர் அறையில் இருந்தார். தோட்டத்தில் பெயர் வெட்டிக்கொண்டு வேலையை விட்டு வந்ததால், தொழிலாளிக்குக் கொடுக்கும் லயத்து அறை வேறொருவருக்குப் போய்விட்டதாம். மாமாவிடம் வேலை இருந்தால்தான் கூரை இருக்கும்.

ஏப்ரல் விடுமுறையில் வாப்பாவும் உம்மாவும் என்னை அங்கே கூட்டிப்போனார்கள். அன்று காலை பெற்றோல் கொண்டுபோகும் டின் வெறுமையாகக் கிடந்தது. அடியெல்லாம் கறுப்பு அழுக்கு. எங்கள் வீட்டில் எந்தப் பாத்திரத்தையும் கழுவாமல் நிரப்பினால் உம்மாவிடம் பேச்சு விழும். பள்ளிக்கூடத்திலும் சுகாதாரப் பாடத்தில் அதைத்தான் சொல்லித் தந்தார்கள். நான் டின்னைக் கிணற்றடிக்குத் தூக்கிப்போய்ச் சாம்பல் போட்டுக் குலுக்கி, மூன்று தண்ணீர் விட்டு அலசி, கவிழ்த்து வைத்தேன். அதன் வாய் சின்னது. உள்ளே மிச்சம் நின்ற தண்ணீர் எனக்குத் தெரியவில்லை. அந்த நேரத்தில் படகுக்காரர் தலையில் வெற்றுச் சாக்குகளைச் சுமந்துகொண்டு கிணற்றைக் கடந்து போனார். சாக்கு முகத்தை மறைத்திருந்தது.

டின்னை எடுத்த இடத்திலேயே வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. யாராவது கண்டுபிடித்து மெச்ச வேண்டும் என்ற ஆசை. சற்று நேரத்தில் மாமா அவசரப்படுத்த, படகுக்காரர் பீப்பாவிலிருந்து அதற்குள் பெற்றோல் நிரப்பி, எண்ணெய் கலந்து எடுத்து வந்தார்.

மாமாவோடு நானும் படகில் ஏறினேன். அக்கரைக்குப் போகும்போது எஞ்சினில் ஏற்கெனவே இருந்த பெற்றோல் போதுமாக இருந்தது. அங்கே மிளகாய் மூட்டைகளை ஏற்றிவிட்டு, டின்னில் இருந்ததை எஞ்சினுக்கு ஊற்றினார்கள். திரும்பி வரும்போது நடுக்குளத்தில் எஞ்சின் இரண்டு தடவை இருமி நின்றது.

மாமா கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தார். பிளக்கைக் கழற்றி இரும்பில் வைத்துக் கயிற்றை இழுத்தார். நீலமாகப் பொறி வந்தது. "கரண்டு சரி. எண்ணெய்லதான் கோளாறு" என்றார். டாங்கி மூடியில் காற்றுப் போகும் திருகாணி திறந்திருக்கிறதா என்று பார்த்தார், திறந்திருந்தது. குழாயைக் கழற்றி ஊதினார்; அடைப்பில்லை. கடைசியில் கார்பரேட்டருக்கு அடியிலிருந்த சிறிய ஆணியைத் தளர்த்தி, வந்ததை உள்ளங்கையில் ஏந்தினார். பெற்றோலுக்குள் மணி மணியாக ஏதோ உருண்டது. கையை வெயிலில் பிடித்தார். பெற்றோல் காய்ந்துபோனது. மணிகள் அப்படியே இருந்தன.

"தண்ணி" என்றார்.

நான் அலசிய மூன்று தண்ணீர் நினைவுக்கு வந்தது.

இதற்கிடையில் பின்பலகை ஓட்டையால் தண்ணீர் வந்து அடிமூட்டைகள் நனையத் தொடங்கின. படகுக்காரர் தன் தலைத்துண்டை ஓட்டைக்குள் திணித்துவிட்டுத் தண்ணீரை அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தார்.

"எத்தன போத்தல் வித்த?" என்று மாமா கேட்டார்.

"நான் எதையும் விக்கல மொதலாளி."

"வித்துட்டு டின்ன நெரப்ப தண்ணி ஊத்தினியா? உண்மையச் செல்லு."

அவர் அள்ளுவதை நிறுத்தினார். என்னைப் பார்த்தார், அல்லது எனக்குப் பின்னால் இருந்த கரையைப் பார்த்தார். பிறகு, "இந்த ஓட்டையில வந்த தண்ணிதான் தெறிச்சு டின்னுக்குள்ள போயிருக்குங்க" என்றார்.

"டின் இருந்தது பலகைக்கு மேல. மூடி போட்டு இருந்திச்சு. தண்ணி ஏணி வச்சா ஏறிச்சு?"

அவர் மறுபடியும் தண்ணீரை அள்ளத் தொடங்கினார். நான் வாயைத் திறக்கவில்லை. மாமா டாங்கியின் அடியில் தேங்கிய தண்ணீரை ஒரு தேநீர்க் கோப்பையில் வடித்துக் குளத்தில் ஊற்றினார். மேலே நின்ற நல்ல பெற்றோலை விட்டு எஞ்சினைக் கிளப்பினார். கரைக்கு வந்து கால் வைத்ததும், "ஒன் சாமானக் கட்டு" என்றார். பின்னேர பஸ்ஸில் அவர்கள் மூவரும் போனார்கள். அந்த அம்மா இடுப்பில் பிள்ளையும் கையில் ஒரு பானையுமாக ஏறியதை உம்மாவின் முந்தானைக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.

இதுவரை நடந்ததற்கு நான் மாமாவைக்கூட மன்னித்துவிடுவேன். அவருக்குத் தெரியாது. எனக்கு இன்றும் நெஞ்சு கொதிப்பது அதற்குப் பிறகு நடந்ததை நினைத்துத்தான்.

அடுத்த நாள் வீட்டுக்கு வந்ததும் உம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். உம்மா வாப்பாவிடம் சொன்னார். வாப்பா மாமாவைக் கூப்பிட்டு அனுப்பினார். பெரியவர்களுக்கு உண்மை தெரிந்துவிட்டது, இனி அந்தப் படகுக்காரரை அழைத்து வந்துவிடுவார்கள் என்று நான் நம்பினேன். மாமா கேட்டுவிட்டு முதலில் சிரித்தார்.

"கழுவினாளா? பெற்றோல் டின்னயா?"

"சிரிக்கிற விசயமில்ல மச்சான்" என்றார் வாப்பா. "அந்த மனுசன் எங்க போனான் எண்டு பாருங்க."

"பாத்து? அவன் களவெடுக்கல்லண்டா எதுக்குப் பொய் சென்னான்? ஓட்டைல வந்த தண்ணியாம். இதுல எடுக்காட்டி வேற ஒண்டுல எடுத்தீப்பான்."

வாப்பா என் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "சரி, புள்ளைக்கு முன்னுக்குப் பேச வேணாம்" என்றார். அவ்வளவுதான். பேச்சு முடிந்துவிட்டது. உம்மா என்னை உள்ளே அழைத்து, இனிமேல் ஆம்பிளைகளின் சாமான்களைத் தொடக் கூடாது என்று சொன்னார்.

எவ்வளவு இலேசாக முடித்துவிட்டார்கள். இரண்டு போத்தல் விற்றவன் டின்னை நிரப்ப இரண்டு போத்தல் தண்ணீர் ஊற்றியிருப்பான். மாமா வடித்தெடுத்தது ஒரு கோப்பை. எஞ்சினுக்குள் நின்ற மணி போன்ற துளியைத் தேடிப் பிடித்த மனிதருக்கு இது விளங்காமலா போயிருக்கும்? விளங்கியிருக்கும். திருப்பி அழைத்தால் தான் அவசரப்பட்டதை ஒரு தோட்டத்து ஆளிடம் ஒத்துக்கொள்ள வேண்டும். அதற்கு மனம் வரவில்லை.

ஆனால் அன்றைக்கு நான் என்ன செய்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும். மாமாவின் பேச்சைப் பிடித்துக்கொண்டேன். பொய் சொன்னவர் களவும் எடுத்திருப்பார். அப்படியானால் என் மேல் குற்றம் இல்லை. அந்த நினைப்பில் நன்றாகத் தூங்கினேன். அடுத்த கிழமை மாமா ஒரு பேனை வாங்கித் தந்தார். அதையும் வாங்கிக்கொண்டேன்.

போன மாதம் என் மகன் அவனுடைய வாப்பாவின் மூக்குக் கண்ணாடியை மிதித்து உடைத்துவிட்டான். அவர் வந்து கேட்டபோது பிள்ளையின் முகம் வெளுத்தது. "நான்தான் மிதிச்சேன்" என்று என் வாய் தானாகச் சொன்னது. நான் யோசித்துச் சொல்லவில்லை. சொன்ன பிறகுதான் அது பொய் என்றே எனக்குப் பட்டது. கையில் இருந்த துணியைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நடுக்குளத்தில் என் முகமும் அப்படித்தானே இருந்திருக்கும். படகுக்காரருக்கும் ஒரு பெண்பிள்ளை இருந்தது. எனக்காகத்தான் அந்தப் பொய்யைச் சொன்னாரோ?

அல்லது அவர் கிணற்றடியில் என்னைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் ஈரமான டின்னுக்குள் பெற்றோல் ஊற்றியிருப்பாரா? பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னாரோ, என்னவோ. ஒரு நாள் இப்படித் தோன்றுகிறது, மறுநாள் அப்படி.

உக்குவளைச் சந்தையில் இரத்தோட்டைப் பக்கத்துப் பெண் ஒருவர் காய்கறி விற்பார். அவரிடம் விசாரித்தேன். படகுக்காரர் தன் தம்பியின் லயத்து அறையில்தான் இருக்கிறாராம். தோட்டத்து ஆட்களை அரசாங்கம் இந்தியாவுக்கு அனுப்புகிறது அல்லவா, அவர் குடும்பத்துக்கும் கடிதம் வந்துவிட்டதாம். ஜூன் மாத முடிவில் ரயில் ஏறிப் போய்க் கப்பல் பிடிக்கிறார்களாம்.

என் கணவர், பழையதைக் கிளறாதே என்கிறார். மாமா இப்போது நோயாளி. அவருடைய பெயர் கெடும் என்கிறார் உம்மா. படகுக்காரரைப் பார்க்கப் போனால், அவர் அறியாத ஒன்றைச் சொல்லி, ஊரை விட்டுப் போகும் மனிதரின் மனத்தைப் புண்படுத்துவேனோ? போகாவிட்டால், கள்ளன் என்ற பெயரோடு ஒரு மனிதர் கடலைத் தாண்டிப் போவதற்கு இரண்டாவது தடவையும் நான் வாய்மூடி நிற்கிறேன் அல்லவா?

இதை வாசிப்பவர்களில் இப்படி ஒரு நிலையில் நின்றவர்கள் யாராவது இருந்தால், நான் போக வேண்டுமா, போனால் முதல் வார்த்தையாக என்ன சொல்ல வேண்டும் என்று தயவுசெய்து எழுதுங்கள். ஜூன் முடிவதற்குள் எழுதுங்கள்.