நாற்பத்தெட்டு வோல்ட்டுக்கு நான்கு டிராக்டர்கள்

குன்னம் வட்டத்தில் சில செல்போன் டவர்களின் மின்சாரத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. டவர் கருவிகளுக்கு வீட்டுக் கரண்ட் ஆகாது. அதை நேர்மின்சாரமாக்கி நாற்பத்தெட்டு வோல்ட்டில் கொடுக்க வேண்டும். கரண்ட் போன கணத்தில் பேட்டரி வரிசை சுமையை ஏந்திக்கொள்ளும், பேசிக்கொண்டிருப்பவருக்குத் தெரியாது. அப்படித் தெரியாமல் பார்த்துக்கொள்வதில் எனக்குப் பெருமை உண்டு.

ஆடிப்பெருக்குக்கு மூன்று நாள் முன்பு, ஒரு வியாழக்கிழமை. முந்தின மாலைக் காற்றில் மின்கம்பங்கள் சாய்ந்திருந்தன. ஒரு கிராமத்து டவரின் ஜெனரேட்டரைச் சரிசெய்ய வந்த நான், இருபக்கமும் சாலையில் மரங்கள் விழுந்ததால் ஊரிலேயே மாட்டிக்கொண்டேன். ஜெனரேட்டருக்கு வேண்டிய பம்பும் வந்து சேரவில்லை. இரவு முழுக்க டவரைத் தாங்கிய பேட்டரிகள் மதியம் ஒரு மணிக்குத் தளர்ந்துவிட்டன.

அப்போது ஊர் டிராக்டர் மெக்கானிக் மகளோடு ஓடிவந்தார்.

"சார், டவரு போயிடாதுல்ல? கவுன்சிலிங்குக்கு பாப்பா காலேஜ் லிஸ்ட்டு அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும். இல்லன்னா இந்த ரவுண்டே போயிடும்."

"இத்தனை நாள் என்ன பண்ணுனீங்க?"

"வூட்ல பேசிக்கிட்டு இருந்தோங்க."

"சண்டை போட்டுக்கிட்டு இருந்தோம்னு சொல்லுங்கப்பா," என்றாள் மகள். முதலிடத்தில் அரியலூர் என்பது அப்பா கட்சி. கோயம்புத்தூர் என்பது அவள் கட்சி.

டிராக்டர் பேட்டரி பன்னிரண்டு வோல்ட். நான்கைத் தொடராகக் கோத்தால் நாற்பத்தெட்டு. மேலதிகாரியைப் போனில் கேட்டேன். "ஒங்க பொறுப்புல செய்யுங்க," என்றார். அடுத்த நிமிடம், ஒன்று நாற்பதுக்கு, சிக்னல் போனது.

மெக்கானிக் தன்னுடையதைக் கழற்றினார். மற்ற மூன்றுக்கு வீடு வீடாகப் போனோம். ஓர் அம்மா, "நாலு பேட்டரி மாட்டுனா ஒங்க டவரு மக்காச்சோளம் வெதைக்குமா?" என்றார்.

"வெதைக்காதுங்க. போன் பேசும்."

"அப்ப எம்மவன்கிட்ட பேசச் சொல்லு. நான் போட்டா எடுக்கவே மாட்டேங்குறான்," என்றபடியே பேட்டரியைக் கழற்ற விட்டார்.

நான்கு பேட்டரிகளும் டவர் அறைக்கு வந்து சேர்ந்தன. அவற்றின் சார்ஜ் டவரின் பழைய பேட்டரிகளுக்குள் வீணாக ஓடிவிடாதபடி முதலில் பழையவற்றின் பியூஸைப் பிடுங்கினேன். ஊரைப் பார்த்த ஆன்டெனாவுக்கு வேண்டியதை மட்டும் விட்டு மற்றதை அணைத்தேன். திரும்பினால், மெக்கானிக் கருப்பு வயரை எர்த் பட்டைக்குக் கொண்டுபோகிறார். கையைப் பிடித்துவிட்டேன்.

"கருப்புதான் சார் பாடிக்கு. இருவது வருசமா மாட்டுறேன்."

"அது டிராக்டருக்கு. இங்க செகப்புதான் எர்த்து. மாத்தினா எல்லாம் எரிஞ்சிடும்."

பூமிக்குள் கேபிள் புதைத்த பழைய தொலைபேசிக் காலத்து வழக்கம் அது. சிவப்பு வயரை, அதாவது பாசிட்டிவை, மண்ணோடு கட்டினால் ஈரத்தில் கேபிள் அரிப்பது குறையும். அவர் நம்பாத முகத்தோடு வயரைக் கொடுத்தார். மீட்டரை இரண்டு முறை வைத்துப் பார்த்த பிறகே சுவிட்சைப் போட்டேன். மணி இரண்டு ஐம்பது. மீட்டரில் ஐம்பது வோல்ட்டுக்குச் சற்று மேலே. கால் மணி நேரத்தில் வெளியே சுவரோரம் உட்கார்ந்திருந்த மகள் கத்தினாள்: "வந்துருச்சு!"

மெக்கானிக்கிடம் மீட்டரைக் கொடுத்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை படிக்கச் சொன்னேன். ஏலம் விடுவதுபோல் படித்தார். "நாப்பத்தொம்பது புள்ளி ரெண்டு! நாப்பத்தெட்டு புள்ளி ஒம்பது!" நான் ஒன்றுவிடாமல் குறித்துக்கொண்டேன்.

நான்கரைக்கு மகள் உள்ளே வந்தாள். "லிஸ்ட்ட லாக் பண்ணி அனுப்பிட்டேன்பா."

"மொதல்ல எது?"

"கோயம்புத்தூரு."

"என்னைக் கேக்காமயா?"

"நீங்கதான் நம்பர் சொல்லிக்கிட்டு இருந்தீங்களே."

அவர் மீட்டரை மறுபடி வைத்துப் பார்த்தார். பிறகு என்னிடம், "இன்னும் எவ்ளோ நேரம் தாங்கும் சார்?" என்றார்.

"அரை மணி தாங்கும். ஏன், லிஸ்ட்ட மாத்தணுமா?"

"இல்லிங்க. அவ அம்மா சோளக்காட்டுல இருக்கா, சொல்லணும்."

வெளியே போய் அவர் உரக்கப் பேசியது உள்ளே எனக்குக் கேட்டது. "கோயம்புத்தூருதான் மொதல்ல! நம்ம பாப்பாவேதான் போட்டுச்சு... டவரா? நம்ம பேட்டரில ஓடுது. நானும் சாரும்தான் மாட்டுனோம். இங்க செகப்புதான் எர்த்து, ஒனக்குத் தெரியுமா?"