சலீம் பாய் இழுத்த கடைசி லைன்

திருவான்மியூர் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது கூட லைன் வேலை செய்யும் முருகன் போன் செய்தான். சலீம் பாயை ஏணியோடு கீழே தள்ளி, இரும்புக் கம்பியால் மண்டையில் அடித்திருக்கிறார்கள், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது என்றான். எனக்கு அழுகை வரவில்லை. கொலைவெறிதான் வந்தது.

மயிலாப்பூர்க்காரரான பாயை நம் ஆதம்பாக்கம் ஆபீசில் வேலை பார்க்கும் உங்களில் அறியாதவர் இல்லை. செங்கல்பட்டைத் தாண்டிய கிராமங்களுக்கு அவரோடு போய் இன்டர்நெட் லைன் இழுத்தவர்கள் நாம். லைன் வந்தால் அங்கே சிக்னலுக்காக மொட்டைமாடி ஏற வேண்டாம், டிவியிலேயே நினைத்த படம் பார்க்கலாம். நாம் கடைசியாக லைன் இழுக்கப் போன ஊரின் கேபிள் டிவிக்காரனுக்கு அது வயிற்றில் அடி. நாம் கட்டிய ஒயரை அவன் ஆட்கள் மறுநாளே வெட்டிப் போட்டார்கள்.

ஒருமுறை முருகன் பொறுக்க முடியாமல் அவர்கள் கேபிளை வெட்டினான். பாய் நடுத்தெருவில் அவனை ஓங்கி அறைந்தார். உதடு கிழிந்து ரத்தம் சட்டையில் வடிந்தது. "இத்த வெட்னா அவனுக்கு இன்னாடா ஆவும்? வூட்ல டிவி பாத்துகினு கீற ஜனத்துக்குத்தான் படம் கட்டாவும்," என்றார். பிறகு அவரே கம்பத்தில் ஏறி அந்தக் கேபிளை ஒட்டினார். எதிராளிகள் கீழே நின்று சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பாய் ஒன்றும் சாது இல்லை, அவர் போட்ட சண்டைகளை நீங்களும் விலக்கிவிட்டிருக்கிறீர்கள். ஒயரை மட்டும் சண்டைக்குள் இழுக்க மாட்டார்.

அவரைக் கம்பியால் அடித்த கேபிள்காரனின் ஆளைப் போலீஸ் பிடித்தது. கேபிள்காரன் அவனை யாரென்றே தெரியாது என்று கைகழுவி, அவன் வீட்டுக் கேபிள் இணைப்பையும் பிடுங்கிவிட்டான். அடக்கம் முடிந்த மறுவாரம், மிச்ச லைனை முடிக்க அந்த ஊருக்குப் போனோம். ஒரு பெண் வந்து தன் வீட்டுக்கும் லைன் வேண்டும் என்றாள். எந்த வீடு என்று கேட்டேன்.

"அடிச்சாரே, அவரு சம்சாரங்க நானு. குடுக்க முடியாதுன்னா சொல்லிடுங்க, போயிடுறேன்."

முருகன் கையிலிருந்த ஒயர் கட்டரைத் தரையில் அடித்தான். அவளைப் பிடித்துத் தள்ள என் கையும் எழுந்தது. எழுந்த கையால் ஏணியைப் பிடித்தேன். அவள் வீட்டெதிர்க் கம்பத்தில் ஏறி லைன் கொடுத்தேன். உள்ளே டிவி ஓடியது. இறங்கி வந்து வேலியோரம் வாந்தி எடுத்தேன்.

பாயின் மனசு எனக்கு இல்லை. அவள் புருஷனை இன்றைக்கும் வெட்டிப்போடத் தோன்றுகிறது. பாயிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான்: யார் வீடு என்று பார்த்து லைன் கொடுப்பதில்லை.