கழுவிய டிரம்

பிரிட்ஜ் மெக்கானிக் வீட்டுக்கு வழி கேட்டால், பின்னால் ராத்திரி பகலாகத் தண்ணீர் விழும் சத்தம் கேட்குமே, அந்த வீடு என்று தெருவில் அடையாளம் சொல்வார்கள். முப்பது வருஷமாக மற்றவர்கள் வீட்டு பிரிட்ஜுகளுக்கு உயிர் கொடுத்தவர். பிழைக்காத பிரிட்ஜிலிருந்து எதையாவது கழற்றி வீட்டுக்குத் தூக்கிவருவார். மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். மனுஷன் அதைக் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

கொல்லைப்புறத்தில் அவரே தோண்டிச் சிமெண்ட் பூசிய குளம் இருந்தது. குளம் என்பது கொஞ்சம் அதிகம்தான். இரண்டு கட்டில் போடும் இடம். அதில் சிவப்பும் வெள்ளையுமாகப் பதினொரு மீன்கள். பழைய பிரிட்ஜின் கம்ப்ரசர் காற்றை ஊத, ஊசியால் துளைபோட்ட குழாய் வழியே அது குமிழ்குமிழாக மேலே வரும். கம்ப்ரசர் எண்ணெய் தண்ணீரில் கலக்காமலிருக்க நடுவில் பஞ்சு அடைத்த ஒரு ஜாம் பாட்டில். வாஷிங் மெஷினில் கழற்றிய மோட்டார் குளத்துத் தண்ணீரை ஒரு நீல டிரம்முக்கு ஏற்றும். டிரம்முக்குள் ஜல்லி, உடைந்த ஓடு, கிழிந்த மெத்தையின் ஸ்பாஞ்ச், வெங்காய மூட்டையின் வலை. அத்தனையையும் கடந்து தண்ணீர் தெளிந்து திரும்பக் குளத்தில் விழும்.

அந்த டிரம்தான் அவளுக்கு ஆகாது. மூடியைத் திறந்தால் குப்பென்று சேற்று நாற்றம். ஓடெல்லாம் பழுப்பேறிக் கொழகொழவென்று இருக்கும். இதைக் கழுவினால் கை தேய்ந்தா போய்விடும் என்று கேட்டால் அவரிடம் பதில் தயாராக இருக்கும்: "அந்த அழுக்குதான்டி தண்ணியச் சுத்தம் பண்ணுது." ஒரு வாரம் போட்ட சட்டைக்கும் இப்படி ஏதாவது நியாயம் கண்டுபிடிக்கிறவர் அவர். இதுவும் சோம்பேறித்தனத்துக்குச் சொல்லும் சாக்கு என்றே அவள் எடுத்துக்கொண்டாள்.

ஒரு நாள் வேலைக்குப் போன வீட்டில், பிரிட்ஜைச் சுவரிலிருந்து நகர்த்தும்போதே சரிந்து விழுந்தார். பக்கவாதம். வலது பக்கம் அசையவில்லை. ஓயாமல் வாயடிக்கிற மனிதருக்குப் பேச்சு போயே போய்விட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் நினைவு திரும்பியதும் இடது கையை மீன் நீந்துவதுபோல் ஆட்டி, அவள் முகத்தைப் பார்த்தார்.

"நல்லா இருக்குங்க. நீங்க வர்ற வரைக்கும் நான் பாத்துக்கறேன்" என்றாள்.

மருந்தை நர்ஸ் கொடுத்தாள், துடைத்துவிடவும் ஆள் இருந்தது. இவள் கை சும்மா இருந்தது. மனசுதான் சும்மா இருக்கவில்லை. அவருக்காக எதையாவது செய்தால்தான் ஆறும்போல் இருந்தது. வீட்டுக்குப் போய் டிரம்மைக் கவிழ்த்தாள். பிளீச்சிங் பவுடர் போட்டு ஓடு ஒவ்வொன்றையும் தேய்த்தாள், ஸ்பாஞ்சைப் பிழிந்து பிழிந்து அலசினாள், எல்லாவற்றையும் வெயிலில் காயவைத்து அடுக்கினாள். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்துபோயிற்று. டிரம் மட்டும் கடையிலிருந்து வந்த அன்றுபோல் இருந்தது.

மறுநாள் பெருமையோடு அவரிடம் சொன்னாள்: "டிரம்மத் தேச்சுக் கழுவி வச்சிருக்கேன். வந்து பாருங்க, அசந்துபோவீங்க."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போயிற்று. பயந்துபோய் நர்ஸைக் கூப்பிட்டாள். இந்த நோய் வந்தவர்கள் காரணமில்லாமல் அழுவதுண்டு என்று நர்ஸ் சொன்னாள். சந்தோஷத்தில்தான் அழுகிறார் என்று இவள் நினைத்தாள்.

நாலாம் நாள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. காற்றுக் குமிழிகள் வந்துகொண்டுதான் இருந்தன, தண்ணீரும் கண்ணாடிபோல் இருந்தது. அன்றைக்கு இரண்டு செத்து மிதந்தன, மறுநாள் மூன்று. பாட்டிலில் தண்ணீரை எடுத்துக்கொண்டு, வளர்ப்பு மீன் விற்கிற கடைக்கு ஓடினாள். கடைக்காரர் அதில் ஏதோ மருந்தைச் சொட்டவிட்டு நிறம் மாறுவதைப் பார்த்தார். தண்ணீர் வடிகட்டுகிற தொட்டியைக் கழுவினீர்களா என்று கேட்டார். டிரம்மைத் தேய்த்துக் கழுவியதைச் சொன்னாள்.

"அந்தக் கொழகொழப்புல கண்ணுக்குத் தெரியாத உயிர் இருக்கும்மா. மீன் கழிக்கிற விஷத்த அதுதான் தின்னும். உங்க வீட்டுக்காரர் சொல்லலையா?"

"சொன்னாரு" என்றாள்.

போன உயிர் திரும்ப ஊற ஒரு மாதத்துக்குமேல் ஆகும், அதற்குள் புது மீன் வாங்கி விட்டாலும் இதே கதிதான் என்றார் அவர். அவள் குடம் குடமாகப் பழைய தண்ணீரை இறைத்துப் புதுத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள். ஒன்றுகூட மிஞ்சவில்லை. பதினொன்றையும் சுவரோரம் புதைத்தாள்.

ஆஸ்பத்திரியில் அவர் தினமும் கையை மீன்போல் ஆட்டுவார். "பதினொண்ணும் நல்லா இருக்குங்க" என்பாள். அவர் தலையை ஆட்டுவார். ஒன்றும் தெரியாத மனுஷனை இப்படி ஏமாற்றுகிறோமே என்று வராண்டாவில் வந்து நின்று அழுவாள்.

நாற்பது நாள் கழித்து அவரைச் சக்கர நாற்காலியில் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அன்று எதையோ சொல்லி முன்னறையிலேயே வைத்திருந்தாள். மறுநாள் காலை அவர் பின்வாசலைக் காட்டினார். இனி தள்ளிப்போட முடியாது. நாற்காலியைக் கொண்டுபோய்க் குளத்தோரம் நிறுத்தினாள். கம்ப்ரசரை அணைக்க அவளுக்கு மனசு வந்திருக்கவில்லை. தண்ணீரில் குமிழிகள் மட்டும் வந்துகொண்டிருந்தன.

அவர் காலடியில் உட்கார்ந்தாள். "நான்தாங்க கழுவினேன். ஒண்ணுகூட இல்ல. தினம் உங்ககிட்ட பொய் சொன்னேன்."

அவர் குளத்தைப் பார்க்கவே இல்லை. அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். மெதுவாக, இரண்டு தடவை. நாற்பது நாளும் ஆஸ்பத்திரியில் ஆட்டிய அதே தலையாட்டல். டிரம்மைக் கழுவிவிட்டேன் என்று சொன்ன அன்று அவர் கண்ணில் வழிந்த தண்ணீர் அப்போதுதான் அவள் நினைவுக்கு வந்தது.

"அன்னைக்கே தெரியுமா?"

தலையாட்டினார். தெரிந்துதான் கேட்டிருக்கிறார், தெரிந்துதான் அவள் சொன்ன ஒவ்வொரு பொய்க்கும் தலையாட்டியிருக்கிறார், இவள் மனசு நோகக் கூடாது என்று.

"ஒரு தடவ திட்டுங்களேன்" என்றாள்.

அவர் இடது கையால் அவள் கையை எடுத்து, உரிந்து ஆறியும் சொரசொரப்பாக இருந்த விரல் நுனிகளைக் கட்டைவிரலால் தடவிக்கொடுத்தார். பேச்சு இருந்திருந்தாலும் இவர் திட்டியிருக்க மாட்டார் என்பது அவளுக்குத் தெரிந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.