வடக்கே விழுந்த நிழல்

பொக்கை விழுந்த சோளக்கதிரைச் சுட்டுக் கடித்தால் முதலில் நாக்குக்குத் தட்டுப்படுவது மணியில்லாத குழிகள். பிறகு, கருகிய சக்கையின் கசப்பு. வரப்புக்குத் தெற்கே, பெரியப்பாவின் காட்டில் விளைந்த கதிரில் அந்தக் குழிகள் இல்லை என்பதை நான் ஒன்பது வயதிலேயே தடவிப் பார்த்துத் தெரிந்துகொண்டிருந்தேன்.

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் காடு. அப்பா கோயமுத்தூர் மில் வேலையை விட்டு வந்த வருடம், ஆனி மாதத்தில் பாகம் பிரித்தார்கள். நடு வரப்பில் ஒரு பெரிய புளியமரம். உச்சி வெயிலில் அதன் நிழல் தெற்கே சாய்ந்திருந்ததை அப்பா பார்த்தார். "மரத்த நீங்களே வெச்சுக்குங்கண்ணா" என்று பெருந்தன்மையாகச் சொல்லி வடபாகத்தை எடுத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து சிரித்தார்.

ஐப்பசியில் இரு பக்கமும் மக்காச்சோளம் விதைத்தோம். மார்கழியில் சூரியன் தெற்கே ஒதுங்கிப் போக, நிழல் வரப்பைத் தாண்டி எங்கள் பயிர்மேல் வந்து படுத்துக்கொண்டது. நிழலுக்குள் இருந்த சோளத்தட்டுகள் மெலிந்து, வெளிச்சம் தேடி வடக்கே வளைந்தன. வெயிலில் நின்றவை தடித்து வளர்ந்து, பக்கத்துக் குட்டைப் பயிரையும் மறைத்தன. உச்சியில் பூ வந்து மகரந்தம் கொட்டி முடிந்தபின்தான் நிழல் பயிரின் கதிரில் பட்டுமுடி எட்டிப் பார்த்தது. மகரந்தத் தூள் படாத முடிக்கு மணி ஏது?

"ஏனுங்க, நெழலப் பாத்துக் காடு பிரிச்ச ஆளு இந்தச் சீமைலயே நீங்க ஒருத்தர்தானுங்க" என்றாள் அம்மா.

பூ வருவதற்கு முன்பே, வடபக்கத்துக் கிளைகளையாவது வெட்டச் சொல்லி அப்பா கேட்கப் போனார். அந்த வருடச் சாப்பாடு அந்தக் கிளைகளில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. பெரியப்பா அண்ணாந்து காய்களைப் பார்த்தார்.

"பழம் உலுக்கிட்டு வெட்டிக்கலாம்டா. மரந்தான் என்றது, நெழலு உன்றதுதான?"

புளி உலுக்கும் மாசியில்தான் சோளமும் அறுப்பு. அறுப்பு முடிந்தபின் வெட்டினார்கள், எங்களுக்கு அதனால் விறகுகூட இல்லை.

அறுப்புக்குச் சில வாரம் முன்பு, கதிர் இளசாக இருந்தபோதே, பெரியப்பா மகள் வசந்தி, என் வயதுக்காரி, மணி நிரம்பிய கதிரைச் சுட்டு எடுத்து வந்து நீட்டினாள். "இந்தா புள்ள, தின்னு. உங்க கதிருக்குத்தான் பல்லே மொளைக்கலியே." வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வாங்கித் தின்றேன். அது இனித்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இன்று அந்தப் புளியமரம் இல்லை. மக்காச்சோளம் விதைப்பவர்களும் அங்கே இல்லை. வரப்பின் இரு பக்கமும் தென்னை. வடபாகம் என் பெயரில், தென்பாகம் வசந்தி பெயரில். ஒரே நாற்று, ஒரே தண்ணீர், வெயிலும் இருவருக்கும் ஒன்றுபோலத்தான் விழுகிறது. போன வாரம் போயிருந்தபோது வரப்பில் நின்று வெகுநேரம் பார்த்தேன். அவள் மரங்களில் குலை கொஞ்சம் பெரிதாகத்தான் தெரிகிறது.